ஆமென் இல்லாத இரண்டு நிமிஷம்

ஓட்டலில் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன கேட்கிறாரோ அதுதான் தபீதாளுக்கும். அவர் பூரி என்றால் இவளுக்கும் பூரி. அவர் மனசு மாறி தோசைக்குப் போனால் இவளும் சர்வரைக் கூப்பிட்டு தோசைக்கு மாறிக்கொள்வாள். இருபத்தாறு வயது வரைக்கும் இப்படியே வந்து சேர்ந்துவிட்டாள். சேலையூரில் அவர்கள் தெருவில் 'தங்கமான பொண்ணு' என்று ஒரு பெயர் உண்டென்றால் அது அவளுக்குத்தான். அந்தப் பெயரை வாங்க அவள் பெரிதாக ஒன்றும் பாடுபடவில்லை. யார் எதைச் சொன்னாலும் 'சரி' என்றாள், அவ்வளவுதான்.

அப்பா யேசுதாசன் முப்பத்து நாலு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சபைக் கமிட்டியில் இருக்கிறார். நல்ல மனுஷர். ஆனால் அவர் இருக்கிற இடத்தில் எதுவும் ஜெபம் இல்லாமல் ஆரம்பிக்காது, ஆமென் இல்லாமல் முடியாது. புது மிக்ஸி வந்தால் அட்டைப்பெட்டியைப் பிரிக்கும் முன் ஒரு ஜெபம். போனில் யாராவது உடம்பு சரியில்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு, அந்தப் பக்கம் இருப்பவர் நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான். பிளம்பர் ஒருத்தர் ஒருமுறை கையில் குழாயோடு தலைகுனிந்து நின்றதை அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பா பி.காம் படிக்கச் சொன்னார், தபீதாள் படித்தாள். சிறுசேரிக்கு வேலைக்குப் போகச் சொன்னார், போனாள். அங்கே அவள் வேலை, வாடிக்கையாளர்களோடு ஊழியர்கள் பேசிய பேச்சுகளைப் பதிவிலிருந்து கேட்டு மார்க் போடுவது. மரியாதையாகப் பேசினானா, எரிந்து விழுந்தானா, பேசிக்கொண்டே வடை தின்றானா என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்று வருஷம் கேட்டாள். கேட்டுக் கேட்டு அவள் காது தனி மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தர் 'ஹலோ' என்றால் படுத்துக்கொண்டு பேசுகிறாரா நின்றுகொண்டு பேசுகிறாரா என்று சொல்லிவிடுவாள். பிறகு அந்த வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்று கம்பெனிக்குத் தெரிந்துபோனது. தபீதாள் வீட்டுக்கு வந்து எட்டு மாசம் சும்மா இருந்தாள்.

அப்போதுதான் கீதா வந்தாள். கல்லூரியில் கூடப் படித்தவள், மாடம்பாக்கத்துக்காரி. அவள் அப்பா ஜெயவேலுவின் நிலமெல்லாம் பிளாட்டாகி, பிளாட்டெல்லாம் வீடாகி, இப்போது ஏழு வீட்டுக்குச் சொந்தக்காரர். கீதாவுக்குப் படம் எடுக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஜெயவேலு, புதிதாகக் கட்டிய ஒரு மாடி போர்ஷனை இருபது நாளைக்குத் திறந்து விட்டார். இருபத்தோராம் நாள் குடித்தனக்காரர் பால் காய்ச்ச வருகிறார், அதற்குள் என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றார்.

"சவுண்டு எடுக்க ஆள் இல்ல. நீதான் மூணு வருஷம் ஹெட்போன் மாட்டிக்கினு இருந்தியே, வர்றியா?" என்று கேட்டாள் கீதா.

"சரி," என்றாள் தபீதாள். வேறென்ன சொல்வாள்.

கதை என்னவென்று கேட்காதீர்கள். ஒரு பெண் தெரிந்தவர்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ள வருகிறாள், இருபது நாள் அங்கே தனியாக இருக்கிறாள், இருபத்தோராம் நாள் கிளம்புகிறாள். நடுவில் துணி காயப்போடுவாள். ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். பேய் வராது, காதலன் வரமாட்டான், சண்டை கிடையாது. ஜெயவேலு முதல் நாள் மாடிக்கு வந்து பத்து நிமிஷம் நின்று பார்த்தார். கதாநாயகி தமிழினி ஒரு சொம்புத் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அப்பால இன்னா ஆவும்?" என்று கேட்டார்.

"அவளுக்கு ஒண்ணு புரியும்ப்பா. தனக்கு என்ன வேணும்னு," என்றாள் கீதா.

"அதுக்கு இருவது நாளா? அந்தப் பொண்ண என்னாண்ட அனுப்பு, ஒரே நாள்ல சொல்லிடறேன்," என்று இறங்கிப் போனார்.

மொத்தக் கூட்டமே நாலு பேர்தான். கீதா, தமிழினி, தபீதாள், அப்புறம் கேமராவுக்கு டெனிஸ். டெனிஸ் குன்றத்தூரில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். ஒரு நிமிஷத்துக்கு மேல் எதுவும் நடக்காமல் இருந்தால் அவனுக்குக் கை பரபரக்கும். முதல் வாரம் முழுக்க 'அக்கா, ஒரு ஜூம் போட்டுக்கவா' என்று கெஞ்சிக்கொண்டே இருந்தான்.

தபீதாளுக்கோ முதல் நாளே அந்த வேலை பிடித்துப்போனது. ஒரு வாடகை ரெக்கார்டர், ஒரு நீளக் கம்பில் மைக், காதில் ஹெட்போன். சொம்பைத் தரையில் வைக்கும் சத்தம் காலையில் ஒரு மாதிரி, வெயில் ஏறினபின் ஒரு மாதிரி இருப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். தாம்பரம் பக்கம் ஏறுகிற விமானப்படை விமானம் எத்தனை மணிக்கு வரும், எதிர் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவள் கையைத் தூக்கினால் எல்லோரும் காத்திருந்தார்கள், இறக்கினால் ஆரம்பித்தார்கள். தபீதாளின் கைக்கு மூன்று பேர் காத்திருந்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஒன்பதாம் நாள் ஒரு காட்சி. தமிழினி அடுப்படியில் நின்று டீயா காபியா என்று முடிவு பண்ண முடியாமல் நிற்கிறாள். போனில் யாரோ கேட்கிறார்கள். 'எதுனாலும் பரவால்ல' என்கிறாள். கீதாவுக்குத் திருப்தி வராமல் பதினோரு தடவை எடுத்தார்கள். ஹெட்போனில் பதினோரு தடவையும் அந்த வார்த்தை தபீதாளின் காதுக்குள்ளேயே வந்து விழுந்தது. மார்க் போடுகிற பழக்கம் விடுமா? பேசுகிறவள் சொல்வது உண்மை இல்லை, அவளுக்கு ஏதோ ஒன்று வேண்டும் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. கூடவே, அது யாருடைய குரல் என்பதும் தெரிந்துவிட்டது. மத்தியானம் கீதாவிடம் கேட்டாள்.

"இது நான்தானே?"

கீதா சோற்றுத் தட்டையே பார்த்தாள். "ஆமா. கோச்சுக்கினியா?"

"இல்ல, பரவால்ல," என்றாள் தபீதாள்.

ஒரு நொடி கழித்துத்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது. தமிழினி உள்ளே இருந்து ஓடி வந்து என்ன என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தார்கள். சிரித்து முடித்தபிறகு தபீதாளுக்குக் கொஞ்சம் அழுகையும் வந்தது. அதையும் சிரிப்பில் சேர்த்துத் துடைத்துக்கொண்டாள்.

பதினாறாம் நாள் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது அப்பா சந்தோஷமாக ஒரு செய்தி சொன்னார். சபைப் பள்ளிக்கூடத்து ஆபீசில் ஒரு கிளார்க் வேலை, நிரந்தரம். தாளாளர் ஐயாவே ஒத்துக்கொண்டுவிட்டார்.

"திங்கக்கிழமை காலையில போய் கையெழுத்துப் போட்டுட்டு அன்னிக்கே சேர்ந்துடணும். சரியாம்மா?"

"சரிப்பா," என்றாள்.

இதற்கு முன் ஆயிரம் 'சரி' சொல்லியிருப்பாள், ஒன்றும் வலித்ததில்லை. இந்தச் சரி வலித்தது. கீதாவுக்குத் தெரிந்த இன்னொரு கூட்டம் அடுத்த மாசம் படம் ஆரம்பிக்கிறது, சவுண்டுக்கு இவளைத்தான் கேட்டிருந்தார்கள். அதற்கு வருகிறேன் என்றும் சொல்லாமல் வரவில்லை என்றும் சொல்லாமல் வைத்திருந்தாள். இனி அதற்குத் தானாகவே பதில் கிடைத்துவிடும். அப்பாவிடம் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொன்னால் ஒழிய. நாலு நாள் சொல்லிப் பார்த்தாள், எல்லாம் பாத்ரூம் கண்ணாடியிடம்தான்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்து தொலைத்தது. பிறந்ததிலிருந்து தபீதாள் காய்ச்சல் தவிர வேறு எதற்கும் ஆராதனையை விட்டதில்லை. அன்றைக்கு விட்டாள், அதற்கு அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. ஆராதனை முடிந்ததும் அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டு, அம்மா கட்டிக் கொடுத்த மட்டன் குழம்பும் சோறுமாக ஸ்கூட்டரிலேயே மாடம்பாக்கத்துக்கு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, அக்குளில் வேதாகமப் பை. எல்லோருக்கும் பரிமாறினார். சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் பண்ணினார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜெயவேலுவும் மட்டன் வாசனைக்கு மேலே வந்து, "வாத்தியார் சார் சொன்னா சாமி கேக்கும்" என்று கைகூப்பி நின்றார்.

படத்தின் கடைசிக் காட்சி அன்றைக்கு. பெண் கிளம்பும் முன் காலியான கூடத்தில் நிற்கிறாள், இரண்டு நிமிஷம், பேச்சில்லாமல். டெனிஸ் அழகாக எடுத்துவிட்டான். ஜூம் கேட்கவில்லை. ஆனால் எடுக்கும்போது கீதா, "மெதுவா திரும்பு... ஜன்னலப் பாரு..." என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், அந்தச் சத்தம் உதவாது. அதனால் அந்தக் கூடத்தின் வெறும் அமைதியைத் தனியாக இரண்டு நிமிஷம் பதிவு செய்ய வேண்டும். அதுதான் படத்தின் முடிவில் கேட்கப்போகிற ஒரே சத்தம். அதுவும் நாலு மணிக்குள். பால் காய்ச்சுவது மறுநாள்தான், ஆனால் குடித்தனக்காரரின் சாமான் இன்றைக்கு நாலு மணிக்கே டெம்போவில் வருகிறது. பீரோவும் கட்டிலும் உள்ளே வந்துவிட்டால் காலிக் கூடத்தின் சத்தம் அத்தோடு போச்சு, பிறகு காசு கொடுத்தாலும் கிடைக்காது. மூன்று மணிக்குத் தபீதாள் கையைத் தூக்கினாள்.

"எல்லாரும் இருக்கிற எடத்துலயே அசையாம இருங்க. ரெண்டு நிமிஷம் அமைதியா இருக்கணும்."

"யாருன்னா பூட்டாங்களா?" என்று இழவு விசாரிக்கிற கவலையோடு கேட்டார் ஜெயவேலு.

இல்லை என்று விளக்கி, அவரைச் சுவரோரம் உட்காரவைத்தார்கள். யேசுதாசன் ஒன்றும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டார். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் அமைதியாக இருங்கள் என்றால் அவருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்.

தபீதாள் பதிவை ஓடவிட்டாள். மின்விசிறி இல்லாத கூடம். தூரத்தில் ஒரு ரயில். ஜன்னல் கம்பியில் காற்று. ஐம்பது நொடி ஆகியிருக்கும்.

"ஆமென்," என்றார் யேசுதாசன், தெளிவாக.

"ஆமென்," என்றான் டெனிஸ், கேமராவுக்குப் பின்னாலிருந்து. சொன்னதோடு விடவில்லை, சிலுவைக்குறியும் போட்டுக்கொண்டான். சின்ன வயதிலிருந்து பழகினது, கைக்கு என்ன தெரியும்.

தமிழினி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். கீதா பொறுமையாக, "அங்கிள், சத்தமே வரக்கூடாது அங்கிள்," என்றாள்.

"ஐயோ, சாரிம்மா. மனசுக்குள்ளயே சொல்லிக்கிறேன்," என்றார் அவர்.

இரண்டாவது தடவை ஒரு நிமிஷம் பத்து நொடி வரை போனது. பிறகு அவர் சொன்னபடிதான் செய்தார், மனசுக்கும் உதட்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு "ஆமென்". அந்த மைக் எறும்பு ஊர்வதைக்கூட விடாது. தபீதாளின் காதில் அது அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன மாதிரியே விழுந்தது. மூன்றாவது தடவை உதட்டை இறுக்க மூடிக்கொண்டார். அமைதி முடிகிற சமயத்தில் அது மூக்கு வழியாக 'ம்ம்ன்' என்று வந்துவிட்டது. அந்தச் சமயம் தெருமுனையில் டெம்போவின் ஹாரனும் கேட்டது. மணி மூன்றரைதான். குடித்தனக்காரருக்கு என்ன அவசரமோ, அரைமணி முன்னாடியே வந்துவிட்டார்.

ஜெயவேலு எழுந்தார். "வண்டிய அஞ்சு நிமிசம் நிறுத்தி வெக்கிறேன். அதுக்கு மேல நம்மகிட்ட இல்ல."

கீதா தபீதாளின் காதோரம் வந்தாள். "அங்கிள கீழ கூட்டிக்கினு போவச் சொல்லட்டா? எங்கப்பாகூட டீ சாப்பிடட்டும்."

அதுதான் சுலபம். அப்பாவுக்கும் மனசு நோகாது, அமைதியும் கிடைத்துவிடும், யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். தபீதாள் இருபத்தாறு வருஷமாகச் செய்துவந்ததும் அதைத்தான். 'சரி' என்று சொல்ல வாயெடுத்தாள். ஹெட்போன் இன்னும் காதில் இருந்தது, பதிவை நிறுத்தியிருந்தாலும் மைக் ஓடிக்கொண்டிருந்தது. தன் மூச்சே அவளுக்குக் கேட்டது.

"வேணாம்," என்றாள். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு அப்பாவின் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"என்னப்பா ஜெபம் பண்றீங்க?"

"உனக்காகத்தாம்மா. நாளைக்கு அந்த வேலை நல்லபடியா அமையணும்னு."

அப்பாவை ஜெபம் பண்ண வேண்டாம் என்று அவர்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அம்மாகூடச் சொன்னதில்லை, பிளம்பர்கூடச் சொன்னதில்லை.

"அந்த ஜெபத்துக்கு ஆமென் சொல்லாதீங்கப்பா. எனக்கு அந்த வேலை வேணாம்."

யேசுதாசன் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு இந்த வேலைதான் வேணும். அன்னிக்கே சொல்லியிருக்கணும், சரின்னு சொல்லிட்டேன், தப்பு. நாளைக்கு நானே போய் தாளாளர் ஐயாகிட்ட சொல்லிடறேன். இப்ப ரெண்டே நிமிஷம், ஜெபம் பண்ணாம, சும்மா உக்காந்து கேளுங்கப்பா. எனக்காக."

யாரும் அசையவில்லை. பதிவு செய்திருந்தால் அதுவே பிரமாதமான அமைதியாக இருந்திருக்கும். டெனிஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். யேசுதாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"நீ இதுவரைக்கும் வேணாம்னு எதையும் சொன்னதில்லையே," என்றார். கோபமாக இல்லை. விடைத்தாளில் எதிர்பார்க்காத ஒரு விடையைப் பார்த்த வாத்தியார் மாதிரி, மெதுவாகச் சொன்னார்.

"ஆமாப்பா."

"சரி," என்றார். அவர்கள் வீட்டில் அந்த வார்த்தையை அவர் சொல்லி அவள் கேட்டது அபூர்வம்.

தபீதாள் கையைத் தூக்கினாள், இறக்கினாள். இந்த முறை அப்பா கண்ணை மூடவில்லை. கையைத் தொடையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ரயில் போனது. காற்று வந்தது. கீழே ஜெயவேலு டெம்போக்காரரோடு குசுகுசுவென்று பேசினது தெருவில் இருக்கிற பல சத்தங்களில் ஒன்றாகப் போய்விட்டது. ஒன்றரை நிமிஷத்தில் தபீதாளுக்கு ஹெட்போனில் ஒன்று கேட்டது. அப்பா மூச்சை இழுத்தார். அந்த மூச்சு அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், அதற்கு அடுத்து என்ன வரும் என்றும் தெரியும். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மூச்சு அப்படியே நின்றது. பிறகு, ஒன்றும் இல்லாமல், மெல்ல வெளியே வந்தது.

இரண்டு நிமிஷம் முடிந்தது. பீரோ உள்ளே வந்தது.

மறுநாள் காலை அவளே பள்ளிக்கூடத்துக்குப் போய் சொன்னாள். தாளாளர் ஐயா வருத்தப்பட்டார், ஒரு காபி கொடுத்தார். அப்பா ஒரு வாரம் கொஞ்சம் குறைவாகப் பேசினார். அதற்குப் பிறகு சபைப் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பதிவு செய்ய ஆள் வேண்டும் என்றபோது, கமிட்டியில் அவர்தான் முதலில் எழுந்து மகளின் பெயரைச் சொன்னார். இந்த ஒன்றரை வருஷத்தில் தபீதாள் மூன்று படம் முடித்துவிட்டாள். எல்லாமே மெதுவாகப் போகிற படங்கள்தான். வேகமாகப் போகிற படத்துக்கு யாரும் இன்னும் அவளைக் கூப்பிடவில்லை, அவளுக்கும் அதைப்பற்றிக் குறை இல்லை. நடுவில் வேலை இல்லாத மாசங்களும் உண்டு. ஓட்டலில் இப்போது மெனு கார்டைக் கையில் வாங்கிவிட்டால் கால்மணி நேரம் திருப்பிக் கொடுப்பதில்லை. கூடப் போகிறவர்களுக்கு அது ஒரு பேஜார்தான்.

கீதாவின் படத்தைப் போன மாசம் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அரங்கத்தில் போட்டார்கள். நூற்றுச் சொச்சம் பேர். டீயா காபியா காட்சியில் பின்வரிசை மாணவர்கள் 'ஏதாவது ஒண்ணு குடிம்மா' என்றார்கள், எல்லோரும் சிரித்தார்கள், தபீதாள்தான் அதிகமாகச் சிரித்தாள். ஜெயவேலு இடைவேளைக்கு முன்பே ஒரு தூக்கம் போட்டு எழுந்து, "இன்னும் அவளுக்குப் புரியலையா?" என்று கேட்டார்.

கடைசிக் காட்சி வந்தது. தமிழினி காலிக் கூடத்தில் நின்றாள். ரயில் போனது, காற்று வந்தது. அரங்கம் அடங்கிவிட்டது, பின்வரிசைகூட. பிறகு பெரிய ஸ்பீக்கரில், மிகச் சன்னமாக, யாரோ மூச்சை இழுத்து, நிறுத்தி, விட்டார்கள். பார்த்தவர்கள் அது அந்தப் பெண்ணின் மூச்சு என்று நினைத்துக்கொண்டார்கள். கீதாவே அப்படித்தான் நினைத்து, ரொம்ப நல்லா வந்திருக்கு என்று படத்தில் விட்டுவைத்திருந்தாள். தபீதாள் அவளைத் திருத்தவே இல்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த யேசுதாசன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் மூச்சு யாருக்குத்தான் தெரியாது. இருட்டில் மகளின் பக்கம் சாய்ந்தார்.

"அன்னிக்கு ஒரு ஜெபம் பாதியில நிக்குதும்மா. கேட்டத மாத்தி, உன்னோட இந்த வேலைக்காகக் கேட்டு ரொம்ப நாளாச்சு. முடிச்சுடட்டுமா?"

தபீதாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. திரையைப் பார்த்தாள். தமிழினி கதவைச் சாத்திக்கொண்டு போய், எழுத்துகள் வர ஆரம்பித்திருந்தன. ஒலிப்பதிவு என்று போட்டு அவள் பெயர் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"இப்ப சொல்லலாம்ப்பா," என்றாள்.

"ஆமென்," என்றார் யேசுதாசன், தெளிவாக.

மூன்று வரிசை தள்ளி இருட்டிலிருந்து டெனிஸும் சொன்னான்.